கண்ணாடி இழைக்குள் மக்கிய மரம்

ஃபைபர்கிளாஸ் மக்காது, புழு அரிக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் மரப்படகை விட்டு அதன் பக்கம் போனதற்கு இது பெரிய காரணம். அப்படியென்றால், எழுபதுகளில் வார்த்த ஒரு படகின் தரையைப் பெயர்த்தால் உள்ளே கறுத்து, ஈரத்தில் ஊறி, விரல் வைத்தால் உதிர்கிற மரம் ஏன் கிடக்கிறது?

விடை படகின் பிறப்பிலேயே இருக்கிறது. கண்ணாடி இழையை வணிகமாக்கிய ஓவன்ஸ்-கார்னிங் 1938-இல் உருவானது. 1942-இல் ஒஹையோவின் டொலீடோவில் ரே கிரீன் அந்த இழையையும் பாலியெஸ்டர் பிசினையும் சேர்த்து ஒரு சிறு பாய்மரப் படகைச் செய்தார். அச்சில் வார்த்தெடுக்கலாம், ஆள்கூலி மிச்சம். ஆனா ஒரு சிக்கல். இந்தப் பொருளை இழுத்தால் லேசில் அறாது. மெல்லிய தகடாக இருந்தால் வளையும். அலை மோதும்போது படகின் அடிப்பக்கம் உள்ளே போய்ப்போய் வரும். அதைத் தடுக்க, படகின் நீளவாக்கில் விட்டங்கள் வேண்டும். அவைதான் ஸ்ட்ரிங்கர்கள். மலிவாகக் கிடைத்தது மரமும் ப்ளைவுட்டும். பலகையை நிமிர்த்தி வைத்து, மேலே கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, பிசின் தடவி மூடினார்கள்.

மரத்தை மக்கவைப்பது பூஞ்சை; அதற்குத் தண்ணீர் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. போர்வை முழுசாக இருந்தவரை பிரச்சினை இல்லை. பிறகு இருக்கைக்காக யாரோ ஒரு ஸ்க்ரூ முடுக்குகிறார்கள். அந்த ஓட்டை வழியே உள்ளே போன தண்ணீர் லேசில் வெளியே வராது. வார்த்தவர் மிச்சம் பிடித்த காசை, முப்பது வருடம் கழித்து, கடைசியாக வாங்கியவர் கட்டுகிறார்.

சரி, மாற்றுவதற்கு எதைப் போடுவது? தேக்கு என்று நமக்குத் தோன்றும். அதன் எண்ணெய்ப்பசை பிசினை ஒட்டவிடாது. மருந்தேற்றிய மரம் பூஞ்சையைத் தடுக்கும், ஆனால் பெரும்பாலும் ஈரமாகவே விற்பனைக்கு வரும். காயாத மரத்திலும் பிசின் பிடிக்காது. காய்ந்த மரைன் ப்ளைவுட்டும் எபாக்ஸியும் நல்ல ஜோடி. மரத்தோடு பாலியெஸ்டரைவிட எபாக்ஸி நன்றாக ஒட்டும். எழுபதுகளில் மிச்சிகனின் கூஜான் சகோதரர்கள் மரப்படகுகளில் இந்த வழியைத்தான் பரப்பினார்கள்.

மரமே வேண்டாம் என்றால் ஃபோம். 1958-இல் வந்த பாஸ்டன் வேலர் படகில் இரண்டு ஃபைபர்கிளாஸ் ஓடுகளுக்கு நடுவே ஃபோம்தான். அதை உருவாக்கிய டிக் ஃபிஷர் படகில் உட்கார்ந்திருக்க, அது இரண்டாக அறுக்கப்படும் படம் 1961-இல் லைஃப் இதழில் வந்தது. அந்தப் படகிலும் சாமான்களைப் பொருத்துகிற இடங்களில் உள்ளே மரம் வைத்திருந்தார்கள். ஃபோமில் ஸ்க்ரூ பிடிக்காதே!

ஆகவே பொருளைக் கேட்பதற்கு முன் வேலையைக் கேட்க வேண்டும். பழைய நிரலில் ஒரு வரியை அழிக்கும் முன் அது எதைத் தாங்குகிறது என்று பார்ப்போமே, அதேபோல. பழைய ஸ்ட்ரிங்கரில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடி இழையின் கனத்தை அளந்து பாருங்கள். கனமாக இருந்தால் சுமையைத் தாங்கியது அதுதான். மரம் வெறும் அச்சு. அந்த இடத்தில் ஃபோம் போதும். மெல்லியதாக இருந்தால் தாங்கியது மரம். அங்கே ஃபோமை வைத்து அதே மெல்லிய போர்வையைப் போர்த்தினால் படகு நெளியும். மரத்தைத் திரும்ப வையுங்கள், இல்லை கண்ணாடி இழையைக் கூட்டுங்கள். எஞ்சின் உட்காரும் இடத்தில் மட்டும், எதைத் தேர்ந்தாலும், போல்ட்டை முடுக்கினால் நசுங்காத கெட்டியான பொருள் வேண்டும்.

புதிதாக ஓட்டை போட்டால், அதன் உள்சுவரிலும் பிசின் தடவி மூடுங்கள். முதல் மரம் மக்கத் தொடங்கியது அங்கேதான்.