தோட்டா, லோட்டா, டிபன் பாக்ஸ்: வேலையிடத்துச் சாப்பாடும் சட்டமும்

இந்த வாரம் எடுத்திருக்கிற கேள்வி பார்க்க ரொம்பச் சின்னது. கொல்லிமலையில் இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, கீழே ஒரு மில்லுக்கோ கோழிப்பண்ணைக்கோ வேலைக்குப் போகிற ஒருத்தர், "எங்க சாமிக்கு விரதம் இருக்கேன், இந்த மாசம் இதை நான் சாப்பிடக் கூடாது, கேன்டீன்ல வேற ஏதாவது குடுங்க"ன்னு கேட்டால், சட்டம் அவர் பக்கம் நிற்குமா? வக்கீலைப் பார்த்தால் ஏதாவது பிரயோஜனம் இருக்கா?

கொல்லிமலையைச் சும்மா இழுக்கலை. அங்கே பெரியகோவிலூர் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. பக்கத்து ஆற்று மீனைப் பிடிச்சு, வெட்டி, சட்டியில் போட்டாங்களாம். துண்டு துண்டா கிடந்த மீன் ஒட்டிக்கிட்டு, உயிரோட தண்ணிக்கே துள்ளிப் போயிடுச்சாம். "அறுத்த மீனைப் பொருத்திய அறப்பளீஸ்வரர்"னு அவருக்குப் பேரே வந்தது அப்படித்தான். அந்த மீனுக்குப் பக்தர்கள் தீனி போடுவாங்களே தவிர, பிடிக்க மாட்டாங்க. ஆனால் கிடா வெட்டிப் படையல் போடுகிற சாமிகளும் அதே மலையில்தான் இருக்கு. அதாவது ஒரே மலை, ஒரே ஜனம், ஆனால் எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்பது ஆற்றுக்கு ஆறு, மாசத்துக்கு மாசம் மாறும். வெளியில் இருந்து வருகிற ஒரு மேனேஜருக்கு இது புரியவே புரியாது. புரியாத மேனேஜர்கள் இந்த நாட்டில் என்ன விலை கொடுத்தாங்க என்பதில் இருந்து ஆரம்பிக்கலாம்.

1857. பள்ளிக்கூடத்தில் சிப்பாய்க் கலகம்னு படிச்சிருப்போம். அதைக் கொஞ்சம் வேலையிடத் தகராறாகப் பாருங்க. கம்பெனி புதுசா என்ஃபீல்டு துப்பாக்கி கொண்டு வருது. அதுக்கான தோட்டா காகிதத்தில் சுற்றியிருக்கும், கொழுப்புத் தடவியிருக்கும். சிப்பாய் அதைப் பல்லால் கடிச்சுக் கிழிச்சு, மருந்தைக் குழாயில் கொட்டணும். அந்தக் கொழுப்பு மாட்டோடது, பன்றியோடதுன்னு பேச்சு பரவுது. வேலைக்கான கருவியே வாய்க்குள்ளே போகுது. இதைவிட நேரடியான சாப்பாட்டுப் பிரச்சினை வேலையிடத்தில் இருக்க முடியுமா?

இந்தப் பேச்சு கிளம்பின இடத்தைப் பற்றி அப்பவே அதிகாரிகள் எழுதி வெச்ச ஒரு செய்தி இருக்கு. 1857 ஜனவரி, கல்கத்தா பக்கத்தில் டம்டம். தோட்டா தயாரிக்கிற இடத்துக் கூலித் தொழிலாளி ஒருத்தர், ஒரு பிராமணச் சிப்பாயிடம் அவரோட லோட்டாவில் தண்ணி கேட்கிறார். சிப்பாய், ஜாதி கெட்டுப் போயிடும்னு மறுக்கிறார். தொழிலாளி திருப்பிச் சொல்கிறார்: உன் ஜாதி எத்தனை நாளைக்கு? சீக்கிரமே மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவின தோட்டாவை நீ கடிக்கத்தான் போறே.

எனக்கு இந்த மொத்த வரலாற்றிலும் முக்கியமான ஆள் அந்தப் பேர் தெரியாத கூலித் தொழிலாளிதான். சிப்பாயோட ஆச்சாரத்தை நாம் இரக்கத்தோடு பார்க்கிற அதே நொடியில், அந்த ஆச்சாரத்தால் தாகத்தோடு நிற்கிற இன்னொரு வேலையாளும் அங்கே இருக்கார். இதை மனசில் வெச்சுக்கோங்க.

அப்புறம் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். கம்பெனி காது கொடுக்கலைன்னு சொல்ல முடியாது. எண்ணெயோ மெழுகோ, நீங்களே வாங்கிப் பூசிக்கோங்கன்னு அனுமதி வந்தது. பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிச்சால் போதும்னு பயிற்சி முறையையே மாற்றினாங்க. இன்றைய ஹெச்.ஆர். பாஷையில் சொன்னால் எல்லா வசதியும் செஞ்சு கொடுத்தாச்சு. ஆனால் மாற்றினதையே சிப்பாய்கள் சந்தேகமாகப் பார்த்தாங்க: ஒண்ணுமே இல்லைன்னா ஏன் மாத்தறாங்க? ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களை நிறுத்தித் தோட்டாவை வாங்கச் சொன்னப்போ, 85 பேர் மறுத்துட்டாங்க. ராணுவ நீதிமன்றம் 10 வருஷக் கடுங்காவல்னு தீர்ப்புச் சொன்னது; சிலருக்கு மட்டும் தண்டனை குறைஞ்சது. மே 9, மொத்தப் படைக்கு முன்னாடி சீருடையைக் கழற்றி விலங்கு பூட்டினாங்க. மே 10 என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

அந்த அடியை பிரிட்டிஷ் அரசு மறக்கவே இல்லை. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக 1914 டிசம்பரில் பிரைட்டன் அரண்மனையை ஆஸ்பத்திரியாக மாற்றினப்போ, ஒன்பது தனித்தனி சமையலறை வெச்சாங்க. இந்துவுக்குத் தனிக் குழாய், முஸ்லிமுக்குத் தனிக் குழாய். பார்க்க ரொம்ப மரியாதையாகத்தான் இருக்கு.

ஆனால் இதே மரியாதை சிறைக்குள்ளே என்னவாச்சுன்னு பார்க்கணும். 1840களுக்கு முன்னாடி பல சிறைகளில் கைதிக்குக் காசு கொடுப்பாங்க, அவரே அரிசி பருப்பு வாங்கிச் சமைச்சுக்கலாம். அது தொல்லைன்னு பொதுச் சமையல் கொண்டு வந்தாங்க. பீகார்ச் சிறைகளில் கலவரம். 1855இல் ஆரா, முசாபர்பூர் சிறைகளில் பித்தளை லோட்டாவைப் பிடுங்கிட்டு மண் பாத்திரம் கொடுத்தாங்க. பித்தளையைத் தேய்ச்சுச் சுத்தம் பண்ணிக்கலாம், மண் பாத்திரம் ஒரு தடவை தீட்டுப்பட்டால் போச்சு என்பது அவங்க கணக்கு. முசாபர்பூரில் ஊர் ஜனமே சிறைக்கு முன்னாடி திரண்டது. லோட்டா திரும்பி வந்தது.

இது வெற்றிக் கதை மாதிரி கேட்குது இல்லையா? பின்னால் எழுதின சிறைக் கையேடுகளைப் பாருங்க. சாப்பாட்டை "தகுந்த ஜாதி" கைதிதான் சமைக்கணும். இருக்கிற சமையல்காரர் கையால் சாப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்த ஜாதிக்காரர் வந்தால், அவரையே சமையல்காரர் ஆக்கி எல்லாருக்கும் சமைக்கச் சொல்லணும். அப்போ கக்கூஸ் கழுவுறது யாரு? அதுக்கும் ஜாதிப் பேர் போட்டே எழுதி வெச்சிருந்தாங்க. ஒருத்தரோட சாப்பாட்டு ஆச்சாரம், இன்னொருத்தரோட வேலைப் பட்டியல் ஆயிடுச்சு.

சுதந்திரம் வந்து, அரசியல் சட்டம் வந்து, 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிச்ச பிறகும் இந்த விதிகள் பல மாநிலங்களில் அப்படியே கிடந்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா 2020இல் இதை விரிவாக எழுதினார், அப்புறம் உச்ச நீதிமன்றத்துக்கே போனார். 2024 அக்டோபர் 3, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று பேர் அமர்வு அந்த விதிகளை ரத்து செஞ்சது. கையேடுகளைத் திருத்த மாநிலங்களுக்கு மூணு மாசம் கெடு, சிறைப் பதிவேட்டில் ஜாதிக் கட்டமே கூடாது. அந்தத் தீர்ப்பில் நம்ம பாளையங்கோட்டைச் சிறையும் வருது, ஜாதி வாரியா பிரிச்சு வைக்கிற விஷயத்துக்காக. 1855 லோட்டாவில் இருந்து கணக்குப் போட்டால் 169 வருஷம்.

சிறைக்கு வெளியே தமிழ்நாட்டிலும் இதே சண்டை நடந்திருக்கு. சேரன்மாதேவி குருகுலத்தில் வ.வே.சு. ஐயர் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனிப்பந்தி அனுமதிச்சது 1920களில் காங்கிரஸையே பிளந்தது. பெற்றோர் கேட்டாங்க, கொடுத்தேன் என்பதுதான் ஐயர் தரப்பு. ரயில்வே உணவு விடுதிகளில் "பிராமணாள்", "இதராள்"னு இருந்த தனித்தனி இடம், பெரியாரின் தொடர் எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் போனது. எல்லாமே யாரோ ஒருத்தரோட ஆச்சாரத்துக்கு வசதி செஞ்சு கொடுத்த கதைதான்.

அப்புறம் 2014 ஏப்ரல், சென்னை. தி இந்து நாளிதழ் அலுவலகத்தில் ஹெச்.ஆர். ஒரு அறிவிப்பு ஒட்டுது: கேன்டீனுக்குள் அசைவச் சாப்பாடு கொண்டு வரக் கூடாது, சைவம் சாப்பிடுகிற பெரும்பாலான ஊழியர்களுக்கு அது சங்கடமா இருக்கு. நாடு முழுக்க விவாதம் ஆச்சு. கவனிங்க, "எனக்கு சைவம் வேணும்"னு யாரும் மறுக்கப்படலை. பக்கத்து நாற்காலியில் திறக்கிற டிபன் பாக்ஸ்தான் பிரச்சினை. என் தட்டில் என்ன இருக்கணும் என்பது ஒரு கோரிக்கை. உன் டப்பாவில் என்ன இருக்கக் கூடாது, யார் கை பட்டிருக்கக் கூடாது என்பது வேற கோரிக்கை. இரண்டுக்கும் ஒரே பேர் வெச்சதில்தான் குழப்பமே வந்தது. முதல் கோரிக்கையோடு வர்றவங்களுக்கு நான் எந்த விவாதமும் இல்லாமல் ஆதரவு. இரண்டாவதோடு வந்தால், டம்டம் தொழிலாளிக்குத் தண்ணி கிடைச்சதான்னு முதலில் கேட்பேன்.

சரி, முதல் கோரிக்கைக்குச் சட்டத்தில் என்ன இருக்கு? அமெரிக்காவில் 1964 சிவில் உரிமைச் சட்டமும் 1972 திருத்தமும், தொழிலாளியோட மத வழக்கத்துக்கு முதலாளி நியாயமான வசதி செஞ்சு தரணும்னு சொல்லுது. முடியாதுன்னு சொல்லணும்னா கணிசமான செலவோ சிரமமோ வரும்னு காட்டணும்னு 2023இல் அங்கே உச்ச நீதிமன்றம் பிடியை இறுக்கினது. பிரிட்டனில் 2020 ஜனவரியில் ஒரு தீர்ப்பாயம், கொள்கைக்காக வீகனாக இருப்பதையும் சட்டம் காக்கும்னு ஏத்துக்கிட்டது.

இந்தியாவில் தனியார் முதலாளி மேல் அப்படி நேரடியா ஒரு கடமை கிடையாது. 25ஆம் பிரிவு தர்ற மத சுதந்திரத்தை முக்கியமா அரசுக்கு எதிராகத்தான் காட்ட முடியும். மில் முதலாளியிடம் காட்டினால் அவர் டீ சாப்பிடச் சொல்லி அனுப்பிடுவார். ஆனால் வேற கதவு இருக்கு, அது கேன்டீன் கதவுதான். 1948 தொழிற்சாலைகள் சட்டம் 46ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை பார்க்கிற ஆலையில் கேன்டீனைக் கட்டாயமாக்க வழி செஞ்சது. என்னென்ன சாப்பாடு, என்ன விலை என்பதற்கு விதி போடலாம். கேன்டீனுக்கு நிர்வாகக் குழு, அதில் தொழிலாளர் பிரதிநிதி. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் அந்த எண்ணிக்கை 100 ஆகக் குறைஞ்சிருக்கு. விரதச் சாப்பாடு கேட்கிறவருக்குக் கோர்ட்டை விட அந்தக் குழுவும் சங்கமும்தான் பக்கத்தில் இருக்கிற வழி. தனியா ஹெச்.ஆர். அறையில் நின்னு கேட்கிறதை விட, பத்து பேர் கையெழுத்தோட எழுத்தில் கேட்டு, வாங்கிக்கிட்டதுக்கு ஒப்புகை வாங்கி வெச்சுக்கோங்க.

விஷயம் மறுப்போட நிற்காமல் அவமானத்துக்குப் போனால், அது வேற சட்டம். பட்டியல் ஜாதி அல்லது பழங்குடியினரை, அந்தச் சமூகத்தைச் சேராத ஒருத்தர் சாப்பிடத்தகாத, அருவருப்பான பொருளைச் சாப்பிடவோ குடிக்கவோ கட்டாயப்படுத்தினால், 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அது குற்றம்; தனியார் ஆலைக்கும் பொருந்தும்.

வக்கீல் ஃபீஸ்? இங்கேதான் கொல்லிமலைக்காரருக்கு ஒரு பிடி இருக்கு. பழைய சேலம் மாவட்டத்து மலையாளி சமூகம் பழங்குடியினர் பட்டியலில் இருக்கு. நாமக்கல் 1997இல் தனி மாவட்டம் ஆகிற வரைக்கும் கொல்லிமலை சேலத்தில்தான் இருந்தது. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பழங்குடியினருக்கும், பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருது. நாமக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், 15100க்குப் போன் பண்ணலாம். எழுதத் தெரியலைன்னா வாயால் சொன்னால் போதும், அவங்களே எழுதிக்கணும். போகும்போது ஜாதிச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, கேன்டீன் பற்றிக் கொடுத்த அந்த மனுவோட நகல், மூணையும் எடுத்துட்டுப் போங்க.