திரைப்பட உரையாடலை மேற்கோள் காட்டும் உரிமை: ஒரு சட்ட வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழ்த் திரைப்பட உரையாடல் திரையரங்கோடு நின்றுவிட்ட ஒன்றன்று. ‘பராசக்தி’ (1952), ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) முதலிய படங்களின் உரையாடல்கள் கதைவசன நூல்களாகவும் இசைத்தட்டுகளாகவும் பள்ளி மேடைப் பேச்சுகளாகவும் பரவின. ஆயினும், இவற்றை ஆய்வேட்டில் எடுத்தாளும்போது பதிப்புரிமை மீறப்படுமோ என்னும் தயக்கம் ஆய்வாளரிடையே உள்ளது. திரைப்பட உரையாடல் சட்டத்தின் பார்வையில் ஒரு படைப்பன்று, இரு படைப்புகள் என்பதை உணர்ந்தால் இத்தயக்கம் பெரிதும் நீங்கும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

எழுத்தும் காட்சியும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டு, 1958 சனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் இலக்கியப் படைப்பு, நாடகப் படைப்பு, திரைப்படம் ஆகியவற்றைத் தனித்தனியே வகுத்தது. நாடகப் படைப்பு என்பதன் வரையறையிலிருந்து திரைப்படத்தை வெளிப்படையாகவே விலக்கியது. எனவே ஆசிரியர் எழுதிய உரையாடல் வேறு. அது நடிகர் குரலில் பதிவாகிய காட்சி வேறு.

ஆய்வு, திறனாய்வு ஆகியவற்றிற்கான நியாயமான கையாளுகை உரிமைமீறல் ஆகாது என்று 52(1)(அ) பிரிவு கூறுகிறது. தொடக்கத்தில் இவ்விலக்கு இலக்கிய, நாடக, இசை, கலைப் படைப்புகளுக்கே உரியதாக இருந்தது. திரைப்படம் அதில் இடம்பெறவில்லை. ஆகவே ஓர் உரையாடலின் வரிகளைத் திறனாய்வுக் கட்டுரையில் அச்சிட இருந்த வெளிப்படையான பாதுகாப்பு, அதே காட்சியின் ஒலி, ஒளித் துண்டினை எடுத்துக்காட்ட இல்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கணினி நிரல் நீங்கலாக எல்லாப் படைப்புகளுக்கும் இவ்விலக்கை விரித்தபோதுதான் ஐம்பதாண்டு கடந்த இவ்வேறுபாடு மறைந்தது.

நீதிமன்றங்களின் அளவுகோல்

எவ்வளவு எடுத்தாளலாம் என்பதற்குச் சட்டம் சொல்லெண்ணிக்கை எதனையும் வகுக்கவில்லை. தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ (1952) நாடகத்தின் பகுதிகளை எடுத்தாண்டு அதனை விமரிசித்த எதிர்நாடகம் தொடர்பான வழக்கில், கேரள உயர்நீதிமன்றம் 1996இல் மூன்று அளவுகோல்களைக் கருதியது: விமரிசனத்தோடு ஒப்பிட எடுத்தாளப்பட்ட பகுதியின் அளவும் மதிப்பும், எடுத்தாண்டதன் நோக்கம், மூலத்தோடு போட்டியிடும் வாய்ப்பு. எதிர்நாடகத்திற்குச் சார்பாகவே நீதிமன்றம் முடிவு செய்தது. வழக்கு நாடகத்தைப் பற்றியதாயினும், உரையாடலே அங்கும் எடுத்தாளப்பட்ட பொருளாதலின் திரைப்பட ஆய்வாளர்க்கும் இம்முடிவு வழிகாட்டும்.

காலவரையறை

இரு படைப்புகளின் உரிமைக்காலமும் ஒன்றாக முடிவதில்லை. திரைப்படத்திற்கு, வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள்; இலக்கிய, நாடகப் படைப்பிற்கு ஆசிரியரின் வாழ்நாளும், மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகளும். ஏ.பி. நாகராசன் எழுதி இயக்கிய ‘திருவிளையாடல்’ 1965இல் வெளியானது; எனவே திரைப்படத்தின் உரிமைக்காலம் 2025 இறுதிவரை. அவர் 1977இல் மறைந்தமையால், அவரது எழுத்தாகிய உரையாடலுக்கு 2037 இறுதிவரை பாதுகாப்பு உண்டு. நக்கீரர் வாதிடும் காட்சியின் சில வரிகளைத் திறனாய்வில் எடுத்தாள்வதற்கு இதனால் தடையில்லை. ஆனால் படம் பொதுவுடைமையாகிவிட்டது எனக் கருதி முழு உரையாடலையும் நூலாக்குபவர் உரிமைமீறலுக்கு ஆளாகக்கூடும்.

முடிவுரை

திரைப்பட ஆய்வேடுகளில் உரையாடலின் கருத்து சுட்டப்பட்டு, அதன் சொற்கள் விடப்படுமாயின், மொழிநடை பற்றிய ஆய்வு சான்றின்றிப் போகும். சட்டம் அத்தகைய மௌனத்தைக் கோரவில்லை. எடுத்தாள்வது எழுத்தா, காட்சியா என்பதைத் தெளிந்து, ஆய்வுக்கு வேண்டிய அளவே எடுத்து, உரையாடலாசிரியர் பெயரையும் படத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிடுவது ஆய்வாளரின் கடமை. அவ்வாறு காட்டப்படும் மேற்கோளுக்கு எழுத்தளவில் 1958 முதலும் காட்சியளவில் 2012 முதலும் சட்டத்தில் இடமுண்டு.