இளையராஜாவின் 1993 சிம்பொனி

இளையராஜாவின் 1993 சிம்பொனி, தமிழ்த் திரையிசையமைப்பாளர் இளையராஜா எழுதி, இலண்டன் ரோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்து, ஜோன் ஸ்கொட் நடத்தி, இலண்டனில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட மேற்கத்திய இசைப் படைப்பாகும். ஒலிநாடாவாகவோ இறுவட்டாகவோ அது விற்பனைக்கு வரவில்லை. பொதுமக்கள் கேட்டிராத இந்தப் படைப்பின் தரம், தாமதத்தின் காரணம், வெளியிடும் கடமை ஆகியவை குறித்துத் தமிழ் இரசிகர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்து வருகிறார்கள். தமிழிசை வரலாற்றில் கேட்கப்படாத ஒரு படைப்பு இவ்வளவு நீண்ட காலம் பேசப்பட்டதற்கு இன்னோர் எடுத்துக்காட்டைக் காட்டுவது கடினம்.

பின்னணி

இளையராஜா 1943 இல், இன்றைய தேனி மாவட்டத்திலுள்ள பண்ணைப்புரத்தில் பிறந்தார். இயற்பெயர் ஞானதேசிகன், பின்னர் இராசையா என்று அழைக்கப்பட்டார். அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடிப் புகழ்பெற்றவர். பதின்ம வயதிலேயே அண்ணனின் குழுவில் சேர்ந்த இளையராஜா, ஆர்மோனியத்துடன் தமிழ்நாட்டின் ஊர்களெங்கும் சுற்றினார். வயல்வெளிப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, மேடை மெட்டு ஆகியவை அவர் காதில் ஏறியது இந்தக் காலத்தில்தான்.

1960களின் இறுதியில் சென்னைக்கு வந்தவர், மேற்கத்திய இசை ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்ந்தார். ஐந்து கோடுகளில் சுரம் எழுதுவது, ஒத்திசைவு, ஒரே நேரத்தில் ஓடும் பல தனி மெட்டுகளைப் பின்னும் எதிர்மெட்டு முறை ஆகியவற்றை அங்கு கற்றார். பாக், மோட்சார்ட், பேத்தோவன் ஆகியோரின் படைப்புகளை எழுத்து வடிவில் படிக்கும் பழக்கமும் அங்குதான் வந்தது. இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரி நடத்திய கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். கன்னடத் திரையிசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷின் உதவியாளராக இருந்த ஆண்டுகளில், பிறர் போட்ட மெட்டுக்கு இசைக்குழுவுக்கான பகுதிகளை எழுதும் வேலை அவர் கையில் வந்தது. 1976 இல் பஞ்சு அருணாசலம் தயாரித்த ‘அன்னக்கிளி’ அவரை இசையமைப்பாளராக அறிமுகப்படுத்தியது; இளையராஜா என்ற பெயரைச் சூட்டியவரும் பஞ்சு அருணாசலமே.

சிம்பொனிக்கு அடித்தளமிட்டது அவருடைய எழுத்து முறை. மெட்டு, இடையிசை, பின்னணி இசை எல்லாவற்றையும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக நோட்ஸ் எழுதிக் கொடுப்பார். வயலின் வரிசை, செல்லோ, புல்லாங்குழல், பேஸ் கிட்டார் எல்லாம் தாளில் ஆயத்தமாக இருக்கும். வாத்தியக்காரர்கள் பார்த்து வாசிப்பார்கள். கண்பார்வையற்ற வயலின் கலைஞரைக் கதாநாயகனாகக் கொண்ட ‘ராஜபார்வை’ (1981), கர்நாடக இசையை மையமாகக் கொண்டு அவருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த ‘சிந்து பைரவி’ (1985) ஆகிய இரு படங்களும் இந்த முறையின் இரு துருவங்கள். முதலாவதில் மேற்கத்திய இசைக்குழு முன்னுக்கு நிற்கிறது. இரண்டாவதில் இராகம் நிற்கிறது. இரண்டையும் எழுதியது ஒரே பேனா.

திரைக்கு வெளியே அவர் எடுத்த முதல் பெரிய அடி, 1986 இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட இக் கருவியிசைத் தொகுப்பில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் முதன்மை பெறுகிறது. பாக் தனி வயலினுக்கு எழுதிய பார்ட்டிட்டாவின் முகப்புப் பகுதியைத் தழுவி, அதனுடன் தன் இசையை இளையராஜா உரையாட விடும் இடம் இத்தொகுப்பின் உச்சம். 1988 இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலை முன்வைத்து ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. இவ்விரண்டையும் கேட்டவர்களுக்கு 1993 ஆம் ஆண்டுச் செய்தி வியப்பளித்திருக்கலாம். எதிர்பாராததாக இருந்திருக்க முடியாது.

வகைப்பாடு

இளையராஜாவின் இசைக்குழுப் படைப்புகள் நான்கு வகைக்குள் அடங்கும்.

முதலாவது, கருவியிசைத் தொகுப்பு. ‘ஹவ் டு நேம் இட்’, ‘நத்திங் பட் விண்ட்’ இதில் சேரும். தனித்தனித் துண்டுகளாக அமைந்த இவற்றில் ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையானது.

இரண்டாவது, முழு இசைக்குழுவுக்கு எழுதிய திரைப் பின்னணி இசை. புடாபெஸ்ட் இசைக்குழுவைக் கொண்டு பதிவான ‘ஹே ராம்’ (2000) இதற்கு எடுத்துக்காட்டு. இங்கு இசையின் நீளத்தையும் திருப்பத்தையும் காட்சியே தீர்மானிக்கிறது.

மூன்றாவது, குரலும் இசைக்குழுவும் சேர்ந்த பெரும் படைப்பு. 2005 இல் வெளியான ‘திருவாசகம்’ இவ்வகை. மாணிக்கவாசகரின் பாடல்களை இளையராஜா பாட, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது; ஆங்கில வரிகளை ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். அறிமுகத்தின்போது சிம்பொனி என்று விளம்பரமானாலும், சமயப் பாடலைக் குரல்களும் இசைக்குழுவும் இணைந்து நிகழ்த்தும் ஒரட்டோரியோ வடிவத்துக்கே அது நெருக்கமானது.

நான்காவது, சொல்லோ காட்சியோ துணைக்கு இல்லாத தூய சிம்பொனி. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹைடன் 100க்கு மேற்பட்ட சிம்பொனிகளால் இவ்வடிவத்தை நிலைநிறுத்தினார். வழமையாக நான்கு பகுதிகள் வரும். முதற் பகுதி விரைவானது. இரு கருப்பொருள்களை முன்வைத்து, வெவ்வேறு சுர நிலைகளுக்குக் கொண்டுபோய், மீண்டும் தாய் சுரத்துக்குத் திருப்பும். இரண்டாவது மெதுவானது. மூன்றாவது நடனத் தாளத்தில் அமையும். நான்காவது விரைந்து முடிக்கும். நீளத்தாலோ வாத்தியக்காரர் எண்ணிக்கையாலோ ஒரு படைப்பு சிம்பொனியாகிவிடாது. சிறிய கரு ஒன்று சொல்லின் துணையின்றி வளர்ந்து பெரிய கட்டடமாவதே இலக்கணம். 1993 ஆம் ஆண்டுப் படைப்பு இந்த நான்காம் வகைக்குரியது.

இப்படைப்பின் மூலம் இளையராஜா சிம்பொனி எழுதிய முதல் ஆசியர் ஆனார் என்று பல மேடைகளில் சொல்லப்படுகிறது. இக்கூற்று திருத்தத்துக்குரியது. ஜப்பானின் கோசாக்கு யமாடா பேர்லினில் மாணவராக இருந்தபோது 1912 இல் சிம்பொனி எழுதினார். சிம்பொனி அல்ல எனினும், இந்தியரான ரவி சங்கர் 1971 இல் இலண்டன் சிம்பொனி இசைக்குழுவுடன், ஆந்த்ரே பிரெவின் நடத்த, சித்தாரை இசைக்குழுவுடன் சேர்க்கும் கொன்செர்ட்டோ வாசித்தார். இளையராஜாவின் தனிச்சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்துக்கொண்டே, இந்தியக் கருவி எதையும் துணையாகக் கொள்ளாமல், மேற்கத்திய இசைக்குழுவுக்கு அதன் மொழியிலேயே எழுதிய தமிழ்க் கிராமத்துக் கலைஞர் அவர்.

1993 ஒலிப்பதிவு

ரோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு 1946 இல் சர் தோமஸ் பீச்சமால் தொடங்கப்பட்டது. கச்சேரிகளுடன் ஒலிப்பதிவுப் பணிகளையும் ஏற்பது அதன் வழக்கம். நடத்துநர் ஜோன் ஸ்கொட் பிரித்தானியத் திரையிசையமைப்பாளர். ‘கிரேஸ்டோக்’ (1984) அவர் இசையமைத்த படங்களில் ஒன்று. இலண்டனின் வடகிழக்கில் வால்தம்ஸ்டோவில் ஒலிப்பதிவு நடந்தது. முழுப் படைப்பையும் இளையராஜா ஒரு மாதத்துக்கும் குறைந்த காலத்தில் எழுதி முடித்ததாகக் கூறப்படுகிறது. ‘மேஸ்ட்ரோ’ என்ற அடைமொழி தமிழ்நாட்டில் அவருடன் நிலைத்ததும் இந்நிகழ்வை ஒட்டியே.

இரசிகர் விவாதம்

விவாதம் மூன்று கேள்விகளைச் சுற்றியது.

முதற் கேள்வி, படைப்பின் தரம். மூன்று, நான்கு நிமிடப் பாடல்களுக்குப் பழகிய கை நீண்ட கட்டமைப்பைத் தாங்குமா என்று ஐயம் எழுப்புவோர் ஒருபுறம். இரண்டரை மணி நேரப் படத்தில் ஒரே கருப்பொருளைச் சோகமாகவும் காதலாகவும் அச்சமாகவும் மாற்றி மாற்றி நடத்தியவருக்கு நீளம் ஒரு தடையல்ல என்போர் மறுபுறம். கிடைக்கும் சான்றுகள் இரண்டாம் தரப்பின் பக்கமே சாய்கின்றன. பாடல்களை மட்டும் கொண்டு ஐயம் எழுப்பியவர்கள், அவருடைய பின்னணி இசையைக் கணக்கில் சேர்க்கத் தவறினார்கள்.

இரண்டாவது, வெளியிடாததன் காரணம். படைப்பாளிக்கு நிறைவில்லை, வணிகச் சிக்கல், உரிமைச் சிக்கல் எனப் பல ஊகங்கள் உலவின. 1992 இல் ‘ரோஜா’ வழியாக ஏ. ஆர். ரகுமான் அறிமுகமாகி, இரசிகர் உலகம் இரண்டாகப் பிரிந்திருந்த காலம் அது. ஆகவே தாமதம் பற்றிய ஒவ்வொரு பேச்சும் கட்சிப் பேச்சானது. ஒரு தரப்புக்கு அது மறைக்கப்பட்ட மகுடம். மறு தரப்புக்கு வெற்று அறிவிப்பு. படைப்பைக் கேட்காமலே கூறப்பட்ட இவ்விரு தீர்ப்புகளும் இசையைவிட அணியைப் பற்றியே அதிகம் பேசின.

மூன்றாவது, வெளியிட வேண்டிய கடமை இசையமைப்பாளருக்கு உண்டா என்பது. எழுதியவருக்கே தன் படைப்பை நிறுத்திவைக்கும் உரிமை உண்டு; அந்த உரிமையை இரசிகரின் ஆவல் மீற முடியாது.

தமிழ்த் திரையுலகில் இதற்கு நேர்மாறான நிலையே வழமை. படம் திரைக்கு வரும் முன்பே பாடல்கள் வெளியாகிவிடுவதால், படம் முடங்கினாலும் பாட்டு பிழைத்துக்கொள்ளும். இளையராஜா இசையமைத்த ‘மணிப்பூர் மாமியார்’ திரைக்கு வரவில்லை; பாடல்களோ இன்றும் கேட்கப்படுகின்றன. படம் வராத பாட்டைப் போற்றிப் பழகிய இரசிகர்களுக்கு, பதிவாகியும் வராத இசை பெரும் ஏக்கமானது இயல்பு.

இலங்கையில்

இலங்கைத் தமிழருக்கு இளையராஜாவை வீட்டுக்குள் கொண்டுவந்தது வானொலி. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் வர்த்தக சேவையில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்கள் திரைப்பாடல் கேட்பதை ஒரு பயிற்சியாகவே வளர்த்தார்கள். பாடியவர், எழுதியவர் பெயர்களோடு பாட்டைக் கேட்கும் பழக்கம் அவர்களால் வந்தது. றெக்கோடிங் பார்களில் விருப்பப் பாடல்களை எழுதிக் கொடுத்துக் கசெற்றில் பதிவு செய்வித்த தலைமுறை, ஒரு பாட்டின் இடையிசையை மட்டும் வைத்து மணிக்கணக்கில் வாதாடும். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் வீதியின் பேருந்துகளிலும், மலையகத் தோட்டத்து லயங்களிலும் அவருடைய பாடல்கள் நாளாந்தத் துணை. 1993 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். அத்தகைய இரசிகர்களுக்கு இலண்டன் ஒலிப்பதிவு தங்கள் இசை உலக அரங்கில் ஏறியதன் அடையாளம். இந்தப் பெருமிதத்தைத் தவிர்த்துவிட்டு விவாதத்தின் நீண்ட ஆயுளை விளக்க முடியாது.

ஒப்பிடத்தக்க படைப்புகள்

வெளிவராத படைப்பைப் பற்றிய வாதம் அமெரிக்க சோல் இசையில் மிகுதி. மார்வின் கே 1972 இல் பதிவு செய்த ‘யூ ஆர் த மேன்’, தலைப்புப் பாடல் எதிர்பார்த்தபடி விற்காததால் நிறுத்தப்பட்டு, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 2019 இல் வந்தது. பாடகர் தானே வரிசைப்படுத்தாத பாடல்களை அவருடைய தொகுப்பு என்று ஏற்கலாமா என்ற வாதம் அத்துடன் பிறந்தது. பிரின்ஸ் 1987 இல் வெளியீட்டுக்குச் சற்று முன் திரும்பப் பெற்ற ‘பிளாக் ஆல்பம்’, கள்ளப் பிரதிகளாகப் பரவி, 1994 இல்தான் முறையாக வெளியானது. அரீதா பிராங்க்ளின் 1972 இல் லொஸ் ஏஞ்சலிஸ் தேவாலயமொன்றில் பாடிய ‘அமேசிங் கிரேஸ்’ இசைத்தட்டு அவ்வாண்டே வந்தது. காட்சியையும் ஒலியையும் பொருத்த முடியாமல் கிடந்த படம், பாடகியின் சட்டத் தடைகளையும் கடந்து, அவர் மறைந்த 2018 இல் திரையேறியது.

இவற்றுக்கும் 1993 சிம்பொனிக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. சோல் இசைத் தொகுப்பில் அந்தக் குரலும் அந்த இரவும் ஒலிநாடாவில்தான் இருக்கின்றன. நாடா அழிந்தால் படைப்பும் அழிந்துவிடும். சிம்பொனியோ தாளில் வாழ்வது. பதிவு கிடைக்காவிட்டாலும், நோட்ஸ் பாதுகாக்கப்பட்டிருந்தால், எந்த ஊரின் இசைக்குழுவும் எந்த ஆண்டிலும் அதை வாசிக்கலாம். ஆதலால் இரசிகர்கள் இறுவட்டைக் கேட்டுக் கோரிக்கை வைப்பதைவிட, எழுதிய இசைக்கோவையைப் பேணி இசை மாணவர் படிக்கத்தக்கதாக்கும்படி கேட்பதே பயனுள்ளது. அப்போதுதான் தரம் பற்றிய விவாதம் ஊகத்தை விட்டு இசைக்கு வரும். தமிழ் மாணவர் ஒருவர் பக்கத்தைப் புரட்டித் தானே தீர்ப்புச் சொல்லலாம்.

தற்போதைய நிலை

இளையராஜா 35 நாட்களில் எழுதியதாக அறிவித்த ‘வேலியன்ட்’ சிம்பொனி, 2025 மார்ச் 8 அன்று இலண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் மிக்கெல் டோம்ஸ் நடத்த நிகழ்த்தப்பட்டது. செய்திகள் பல அதை அவரது முதற் சிம்பொனி என்றதால் பழைய விவாதம் மீண்டும் எழுந்தது. 1993 ஒலிப்பதிவு வெளியாகவில்லை.