கணக்கெடுப்பும் காக்கப்படாத வாக்குறுதியும்



ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் விவரப் படிவங்களைத் திரட்டியபோது ஒரு தந்தை என்னிடம், "இத்தனை விவரமும் எதற்கு ஐயா? பிறகு யார் கைக்குப் போகும்?" என்று வினவினார். "பள்ளிக்குத்தான்" என்று கூறி அனுப்பிவிட்டேன். அவ்விடை போதாது என்பதை ஒரு வரலாறு எனக்கு உணர்த்தியது.

அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றது. தனிமனிதர் தரும் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் என்று சட்டமே உறுதியளித்திருந்தது. அங்கு வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரும் தங்கள் பெயர், முகவரி, பிறந்த இடம், இனம் ஆகியவற்றைத் தெரிவித்தனர்.

1941 டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. ஓரிரு நாள்களிலேயே கணக்கெடுப்புத் துறை, எங்கெங்கே எத்தனை ஜப்பானியர் வாழ்கின்றனர் என்ற பட்டியல்களை ஆயத்தம் செய்யத் தொடங்கியது. 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் ஆணையில் கையொப்பமிட்டார். ஏறத்தாழ 120,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். பள்ளிப் பிள்ளைகளும் பலர்.

இராணுவத்திற்குத் தரப்பட்ட அப்பட்டியல்களில் பெயர்கள் இல்லை. எண்ணிக்கை மட்டுமே இருந்தது. ஆயினும், நகரங்களில் தெருப்பகுதி வரை பிரித்துக் காட்டிய அவ்வெண்ணிக்கையே மக்களை வெளியேற்றத் துணைபுரிந்தது. 1942 மார்ச்சில் இயற்றப்பட்ட போர்க்கால அதிகாரச் சட்டம் இரகசியக் காப்பையும் நீக்கியது. 1943இல் வாஷிங்டன் வட்டாரத்தில் வாழ்ந்த 79 பேரின் பெயர்களும் முகவரிகளும் கருவூலத் துறையின் வேண்டுகோளின்படி அளிக்கப்பட்டன.

பெயர் எதனையும் தரவில்லை என்றே கணக்கெடுப்புத் துறை பல்லாண்டுகள் கூறிவந்தது. மார்கோ ஆண்டர்சன், வில்லியம் செல்ட்சர் ஆகிய ஆய்வாளர் இருவரும் பழைய ஆவணங்களைத் தேடி எடுத்தனர். 2000இல் துறையின் இயக்குநர் கென்னத் புரூவிட், போர்க்காலத்தில் தம் துறை செய்தவற்றுக்கு மன்னிப்புக் கோரினார். பெயர்கள் அளிக்கப்பட்டதற்கான சான்று 2007இல் வெளிவந்தது. அதற்குள் பாதிக்கப்பட்டோர் பலர் மறைந்துவிட்டனர்.

கணக்கெடுப்பே தீது என்று நான் கூற வரவில்லை. பள்ளி கட்டவும் மருத்துவமனை அமைக்கவும் மக்கள்தொகை தெரிந்திருக்க வேண்டும். ஆனால், ஒரு சட்டம் தந்த உறுதியை மற்றொரு சட்டம் எடுத்துவிட இயலும். தேவையின்றித் திரட்டாமல் இருப்பதே உறுதியான காப்பு.

என் வகுப்பிற்கென நானே தயாரித்த படிவத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். பயன்படாத இரண்டு கட்டங்களை நீக்கிவிட்டேன். எஞ்சிய விவரங்கள் எதற்கு, யார் பார்ப்பார், எத்தனை காலம் வைத்திருப்போம் என்பதை அத்தந்தையிடம் விளக்கிச் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். உங்கள் பிள்ளைகளின் படிவங்களை நிரப்பும்போது நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.