செடிகளை வரைந்த இருவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியத்திற்குப் பூங்காக்கள் பெரும் ஊற்றாக விளங்கின. எதுவார் மனே 1862-இல் பாரிசின் துய்லெரி பூங்காவில் இசை கேட்கக் கூடிய மக்களைத் தீட்டினார். குளோத் மோனே 1883-இல் ஜிவெர்னி சிற்றூரில் குடியேறி, தாமே உருவாக்கிய தோட்டத்தை இறுதிவரை வரைந்தார். ஆன்றி ரூசோவோ, பாரிசுத் தாவரத் தோட்டத்தின் கண்ணாடிக் கூடங்களில் கண்ட வெப்பநாட்டுச் செடிகளைக் கொண்டே தாம் காணாத காடுகளைக் கற்பனை செய்தார்.

வெப்பநாட்டுச் செடிகள் இயல்பாகவே செழிக்கும் நம் மண்ணில், அதே நூற்றாண்டில் தூரிகை ஏந்தியோர் இலரா? இருந்தனர், அவர்தம் வரலாறு நம் கோவையோடு பிணைந்தது.

ஸ்காட்லாந்து மருத்துவரான இராபர்ட் வைட் (1796–1872) கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர். 1842 முதல் கோவையில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுச் சோதிக்கும் பணியை மேற்கொண்டார். கம்பெனியின் நாட்டம் பருத்தியில். அவருடைய நாட்டமோ தென்னாட்டுச் செடிகொடிகளில். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக அவர் வெளியிட்ட பெருநூலில் 2,101 படங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மூலம் வரைந்தோர் ரங்கையா, அவருக்குப்பின் கோவிந்து என்னும் தென்னிந்திய ஓவியர் இருவர்.

மோனே தம் தோட்டத்தில் ஒளியின் மாற்றத்தைத் தம் விருப்பப்படி பின்தொடர்ந்தார். இவ்விருவருக்கோ அவ்வுரிமை இல்லை. கொணர்ந்து வைத்த செடியின் இலை நரம்பு, மகரந்தத் தாள், விதை ஆகியவற்றைப் பிழையின்றி வரைவதே இவர்களுக்கு இட்ட பணி. எனினும் அக்கட்டுப்பாட்டுக்குள் இவர்கள் காட்டிய நுட்பம் வியக்கத்தக்கது. வெறும் அறிவியல் வரைபடம் என்று ஒதுக்கிவிட முடியாத உயிர்ப்பு அக்கோடுகளில் உண்டு.

அக்காலக் கம்பெனி ஓவியர் பலர் பெயரின்றியே மறைந்தனர். வைட் இவர்கள் பெயரைப் படங்களின் அடியில் அச்சிட்டார்; 1853-இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பிற்கால வகைப்பாட்டில் அப்பெயர் நிலைக்கவில்லை. அவர்கள் வாழ்க்கை பற்றிய குறிப்புகளும் மிகச் சிலவே எஞ்சின. எடின்பரோவில் காக்கப்பட்ட ஓவியங்களை ஆராய்ந்து, ஹென்றி நோல்டி 2007-இல் வெளியிட்ட நூலே இருவரையும் மீண்டும் உலகறியச் செய்தது.

மோனேயின் அல்லிக்குளத்தை அறிந்த நம்மில் எத்தனை பேர் கோவிந்துவை அறிவோம்? கிணத்துக்கடவு வரப்புகளில் ஆவாரையும் தும்பையும் இன்றும் பூக்கின்றன. களையென்று நாம் கடந்து செல்லும் சிறு செடியும் பொறுமையோடு நோக்கத் தக்கதே என்பதை, இவ்விருவரும் தம் உழைப்பால் உணர்த்திச் சென்றனர். நம் பிள்ளைகளுக்கு அச்செடிகளின் பெயரைச் சொல்லித் தருகையில், இவ்விருவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுதல் நம் கடன்.