நடுராத்திரி அலாரமும் பேட்டரியின் சரித்திரமும்

பி.காம். படிக்கிறவனுக்கு பேட்டரியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கும் இருக்கவில்லை, போன தை மாதம் வரைக்கும்.

என் தாய்மாமா கள்ளக்குறிச்சியில் வாடகைக் கார் வைத்திருக்கிறார். ஒரு கல்யாணத்துக்காக கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைப் பக்கம் போயிருந்தோம். ராத்திரி அங்கேயே தங்கல். நல்ல குளிர். இரண்டரை மணிக்கு காரின் அலாரம் ஊரையே எழுப்பியது. டார்ச்சோடு ஓடினால் வண்டிக்குப் பக்கத்தில் மலைக்காரப் பையன் ஒருவன், பதினாறு வயசு இருக்கும். "சத்தம் கேட்டு வந்தேங்க" என்றான். யாரும் நம்பவில்லை. இரண்டு பேர் சட்டையைப் பிடித்தார்கள். "கதவுல கை வச்சியாடா?" என்று மாமாவும் அதட்டினார். நான் சும்மா நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவனைத் திண்ணையில் உட்கார வைத்து விடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். நாலு மணிக்கு அலாரம் மறுபடியும் அலறியது. பையன் எங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தான்.

திருடன் யார் என்று தேடப்போய்த்தான் இந்தச் சரித்திரமெல்லாம் படித்தேன்.

கார் பேட்டரி காரை விட வயதில் மூத்தது. 1859-ல் பிரான்சின் காஸ்தோன் பிளான்டே இரண்டு ஈயத் தகடுகளை கந்தக அமிலத்தில் வைத்து, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். 1881-ல் கமீல் ஃபோர் தகட்டின் மேல் ஈயக் கலவையைப் பூசி அதை இன்னும் பலமாக்கினார். ஆனாலும் பெட்ரோல் காரைக் கிளப்பும் வேலை வெகுகாலம் மனிதக் கைக்குத்தான். முன்னால் இரும்பு ஹேண்டிலை மாட்டிச் சுற்ற வேண்டும். எஞ்சின் பின்னால் உதைத்தால் மணிக்கட்டு போச்சு. சார்லஸ் கெட்டரிங் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912 மாடல் கேடிலாக்கில் வந்தது. நம்மூர் டிரைவர்கள் 'செல்ஃப்' என்கிறார்களே, அதுதான். அன்றிலிருந்து பேட்டரிக்கு வந்த பெரிய பொறுப்பு, சில நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளிக் கொடுப்பது. எஞ்சின்கள் பெரிதாக, 1950-களில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் முக்கிய வேலைகளில் பேட்டரி ஆராய்ச்சியும் ஒன்று. செட்டிநாட்டுப் பொட்டலில் இப்படி ஒன்றா என்று எனக்கு ஆச்சரியம்தான்.

பழைய அம்பாசடர் டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு தரம் பேட்டரி மூடி ஆறையும் திருகி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, டெர்மினலில் பூத்த பச்சையை வெந்நீர் விட்டுக் கழுவுவார்கள். எந்த செல் நோஞ்சான் என்று அவர்களுக்கே தெரியும். பிறகு தண்ணீரே ஊற்ற வேண்டாத, மூடி வைத்த பேட்டரிகள் வந்தன. சௌகரியம்தான். ஆனால் பேட்டரியை எட்டிப் பார்க்கும் பழக்கமும் அதோடு போய்விட்டது.

அலாரம் வருவது இந்த இடத்தில். பழைய அலாரங்களில் ஒரு வகை கதவைப் பார்ப்பதே இல்லை, வோல்டேஜைப் பார்க்கிறது. திருடன் கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும், வோல்டேஜ் துளி இறங்கும். அந்த இறக்கம்தான் அதற்குத் திருடன். தனக்குள்ளேயே குட்டி பேட்டரி வைத்திருக்கும் சைரனும் உண்டு. பெரிய பேட்டரியின் மின்சாரம் விழுந்தால் யாரோ ஒயரை வெட்டிவிட்டதாக நினைத்துக் கத்தும். பேட்டரி சாகக் கிடந்தாலும் இதே இறக்கம்தான். இரண்டுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது.

நடுராத்திரியில் ஏன்? எஞ்சின் நின்ற பிறகு பேட்டரி வோல்டேஜ் மெல்ல இறங்கும். அலாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும் (கணக்கில் எழுதாத சில்லறைச் செலவு மாதிரி). குளிர் சேர்ந்தால் பேட்டரியின் பலம் இன்னும் குறையும். கீழே சமவெளி வெயில் ஏற்கெனவே அதன் ஆயுளைத் தின்றிருக்கும். மலைக்குளிர் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் ஒரு கடையில் அலாரத்தையே மாற்றச் சொன்னார்கள். மாமா கிட்டத்தட்ட பணத்தை எண்ணிவிட்டார். நல்லவேளை, பேருந்து நிலையம் பக்கம் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் முதலில் மல்டிமீட்டரை எடுத்தார். ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 2.1 வீதம் ஆறு செல்லுக்கு 12.6 வோல்ட் நின்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. எங்களுடையது ராத்திரி நின்ற பிறகு 12.1. "செல்ஃப் அடி தம்பி" என்றார். அடித்ததும் முள் 8.5-க்கு விழுந்தது. 9.6-க்குக் கீழே போகக் கூடாதாம். எஞ்சின் ஓடும்போது 14.1 காட்டியது, அதாவது ஆல்டர்னேட்டர் மேல் குற்றமில்லை. டெர்மினலைச் சுரண்டி, எர்த் ஒயரை இறுக்கி, மறுபடி பார்த்தார். அதே 8.5. "உள்ள சல்ஃபேட் கட்டிப் போச்சு. அலாரத்த ஒண்ணும் பண்ணாதீங்க" என்றார். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் கதவு சுவிட்ச், பானெட் சுவிட்ச் பக்கமே போக வேண்டும் என்பது அவர் வரிசை.

புது பேட்டரி போட்டார்கள். பழையதை ஈய விலைக்குக் கழித்துக்கொண்டார்கள். அலாரம் அதற்கப்புறம் தானாகக் கத்தவில்லை.

பங்குனியில் மாமாவுக்கு மறுபடி வெள்ளிமலை சவாரி. நானும் போனேன். அந்த வீட்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கள்ளக்குறிச்சியில் வாங்கிய மிக்சர் பொட்டலத்தோடு மாமா இறங்கி பையனைக் கேட்டார். கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார் அவன் அம்மா. நாங்கள் யார் என்று அவர் கேட்டார். மாமா பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "கல்யாணத்துக்கு வந்தவங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.