கடற்படையில் தொழில் வாய்க்கும் வகை

காலனித் தமிழ்க் குடும்பத்தாரே! தம்பானூர் நிலையத்தில் நம் பிள்ளையொருவனைக் கடற்படைப் பயிற்சிக்கு வழியனுப்பும் பெற்றோர் கேட்கும் வினா ஒன்றே: "அங்கே என்ன உத்தியோகம் கொடுப்பார்கள்?" பிள்ளையும் விடை அறியான். இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

முதற்பங்கு பள்ளிப் படிப்புக்கே உரியது. 2022இல் தொடங்கிய அக்னிவீர் முறையில் கடற்படைக்கு இரு வாயில்கள் உள. பத்தாம் வகுப்புத் தேறியோர் எம்.ஆர். என்னும் வாயிலால் நுழைவர். சமையல், உணவு பரிமாறல், துப்புரவு ஆகியவையே அவர்கட்குரிய பணிகள். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் பௌதிகமும் கற்றோர் எஸ்.எஸ்.ஆர். வாயிலால் நுழைவர், பொறி, மின்சாரம், பீரங்கி, செய்தித் தொடர்பு முதலிய துறைகள் அவர்கட்குத் திறக்கும். ஆகவே, பாதி முடிவு வீட்டை விட்டுப் புறப்படுமுன்பே எழுதப்பட்டு விடுகிறது.

மறுபாதி, ஒடிசாவில் 1980இல் நிறுவப்பெற்ற ஐ.என்.எஸ். சில்கா பயிற்சி நிலையத்தில் எழுதப்படுகிறது. படையின் தேவை, தேர்வில் காட்டிய திறம், உடற்தகுதி, சொந்த விருப்பம் ஆகியவை அங்கே சீர்தூக்கப் பெறும். இவற்றுள் தேவையே தலையாயது. பின்னர்ப் பொறித்துறையினர் லோனாவாலாவிலுள்ள சிவாஜிக்கும், மின்துறையினர் ஜாம்நகரிலுள்ள வல்சுராவுக்கும், பீரங்கித்துறையினர் கொச்சியிலுள்ள துரோணாச்சாரியாவுக்கும் செல்வர்.

விரும்பிய துறை வாய்க்காதவன் மனம் வாடுதல் இயல்பே. ஓடும் வண்டியில் பணிபுரிய விழைந்த நாமும் நிறம் பிரித்தறியும் சோதனையில் தவறிப் பேரேட்டின்முன் அமர்ந்தவர்தாம். ஆயினும், வாய்த்த தொழில் மனிதனை எங்குக் கொண்டு சேர்க்கும் என்பதை யாரே முன்னறிவார்? வரலாறு ஒரு சான்று தருகிறது.

பிரிட்டிஷார் ஆட்சியில், பம்பாயிலிருந்த 'தல்வார்' என்னும் நிலையம் செய்தித் தொடர்பாளரைப் பயிற்றி வந்தது. ஆங்கிலமும் பள்ளிக் கல்வியும் பெற்ற இளைஞரே பெரும்பாலும் அத்துறைக்கு அனுப்பப்பட்டனர். 1946 பிப்ரவரி 18ஆம் நாள் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இழிந்த உணவும் மேலதிகாரியின் வசைமொழியுமே உடனடிக் காரணங்கள். தலைமை ஏற்ற எம்.எஸ். கான் சிக்னல் துறையினர். துணைநின்ற மதன்சிங் தந்தித் துறையினர். செய்தி அனுப்பும் கருவி அவர்கள் கையிலேயே இருந்தமையால், கராச்சி முதல் கல்கத்தா வரை துறைமுகங்கள் விரைவில் விழித்தன. சுமார் 20,000 மாலுமிகள் கலந்துகொண்டனர். பிப்ரவரி 23இல் போராட்டம் அடங்கியது. பலர் வேலை இழந்தனர். எனினும், ஆள்வோரின் படைபலம் ஆட்டங்கண்டதை நாடு உணர்ந்தது.

அவ்விளைஞரைத் தந்திக் கருவியின்முன் அமர்த்தியது அரசின் தேவை. அக்கருவியால் எதைச் சொல்லுவது என்று துணிந்தது அவர்தம் நெஞ்சம்.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூறுவது இது: கணிதம் கடினம் என்று பிள்ளையைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தற்க. வாயில்கள் பல திறந்திருத்தல் நன்று. அதே வேளையில், சமையற்கட்டுப் பணி வாய்த்த பிள்ளை விடுமுறையில் வந்தால், "இதற்கா போனாய்?" என்று கேளாதீர். மாலுமிகளின் முதல் முறையீடே உணவு பற்றியது அன்றோ? நல்ல சோறு ஆக்குபவன் கப்பலைக் காப்பவருள் ஒருவனே.